மூன்றரை மில்லிமீட்டர்

கைக்கடிகாரத்தைக் கடையில் எல்லோரும் மேலிருந்துதான் பார்க்கிறோம். டயலின் நிறம், முள்ளின் மெருகு, பட்டையின் தோல். வடிவமைப்பவர்கள் அதைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்ப்பார்கள். அங்கே தெரிவது ஒன்றே ஒன்று, தடிமன். 2002இல் டைட்டன் நிறுவனம் ‘எட்ஜ்’ கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அந்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். கண்ணாடி, முள்கள், டயல், இயந்திரம், பேட்டரி, பின்மூடி அத்தனையும் அதற்குள் அடக்கம். நேரத்தை ஓட்டும் இயந்திரம், அதாவது மூவ்மென்ட், 1.15 மில்லிமீட்டர். மழையில் நனையலாம், கை கழுவலாம், உள்ளே தண்ணீர் போகாது. இதைச் செய்தது ஜெனீவாவிலோ டோக்கியோவிலோ இல்லை; பெங்களூரில் வரைந்து, அங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் எல்லை தாண்டி ஒசூரில் செய்தார்கள்.

இன்று பெங்களூரில் ஸ்மார்ட்வாட்ச் வடிவமைக்க உட்காரும் இளைஞர்கள் மோதுவது இதே சுவரில்தான். கையில் அழகாகத் தெரிய வேண்டும், உள்ளே நிறைய வேலை செய்ய வேண்டும். இரண்டும் கேட்பது ஒரே இடத்தை. அந்த இடமோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு என்று அளக்க வேண்டிய இடம். ஸ்மார்ட்வாட்ச் பரவலாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த வழக்கை ஒரு முறை வாதாடி முடித்த ஊர் என்பதால், எட்ஜ் வந்த வழியை முழுதாகச் சொல்லத் தோன்றுகிறது.

அந்த வழி பெங்களூரின் ஜாலஹள்ளியில் தொடங்குகிறது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. அங்கே கடிகாரத் தொழிற்சாலையை ஆரம்பித்தது. தேர்வில் தேறிய பிள்ளைக்கு, கல்யாண மாப்பிள்ளைக்கு, ஓய்வு பெறும் ஆசிரியருக்கு என்று ஒரு தலைமுறையின் கைகளில் ஏறியது எச்.எம்.டி.தான். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம். உறுதியானது, நேர்மையானது, பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தது. வேறு அழகு வேண்டியவர்கள் பர்மா பஜார் போன்ற இடங்களில் கள்ளக்கடத்தலில் வந்த வெளிநாட்டுக் கடிகாரத்தைத் தேடினார்கள். இந்தியாவில் கடிகாரம் செய்யத் தெரிந்திருந்தது. அது ஓர் அணிகலனும்தான் என்ற எண்ணத்தோடு யாரும் செய்யவில்லை.

அந்த இடைவெளியைப் பார்த்தவர் ஜெர்க்சஸ் தேசாய். அச்சுத் தொழிலில், டாடா பிரஸ்ஸில் இருந்தவர். எழுத்துருவும் தாளும் மையும் பழகிய கண் அவருக்கு. கடிகாரத்துக்கு அந்தக் கண்ணோடு வந்தது நமக்குக் கிடைத்த நல்லூழ் என்றே நினைக்கிறேன். 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக டைட்டன் நிறுவனத்தைப் பதிவு செய்தன. தொழிற்சாலை, அன்றைய தருமபுரி மாவட்டத்து ஒசூரில். மூவ்மென்ட் செய்யும் நுட்பம் ‘பிரான்ஸ் எபாஷ்’ என்ற பிரெஞ்சு நிறுவனத்திடமிருந்து வந்தது. வேலைக்கு எடுத்ததோ, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளை. விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த பையன்களும் பெண்களும், மண் பழகிய விரல்களால் இடுக்கி பிடித்து, லூப் கண்ணாடிக்குள் குனிந்து, தலைமுடியைவிடச் சன்னமான செம்புக் கம்பிச் சுருளைக் கையாளக் கற்றார்கள். டைட்டன் கதையைச் சொல்பவர்கள் விளம்பரத்தில் ஒலித்த மோட்சார்ட் இசையைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அந்த விரல்கள்தான் பெரிது. 1.15 மில்லிமீட்டர் மூவ்மென்டைக் காகிதத்தில் யாரும் வரைந்துவிடலாம். அதை ஆயிரக்கணக்கில், ஒன்றுபோல் இன்னொன்று ஓடும்படி கோக்க அந்த விரல்கள் வேண்டும்.

டைட்டன் தொடக்கத்திலிருந்தே நம்பியது குவார்ட்ஸை. சாவி தேவையில்லை, ஒரு பட்டன் செல், ஒரு சிறு படிகம். அந்தப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண் ஏன் என்றால், அதைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் சரியாக ஒன்று கிடைக்கும். சர்க்யூட் அந்த வகுத்தலைச் செய்து விநாடிக்கு ஒரு துடிப்பைத் தருகிறது. துடிப்பு கம்பிச் சுருளுக்குப் போய், குட்டிக் காந்தத்தை அரைச் சுற்றுச் சுற்ற வைக்கிறது. காந்தம் பற்சக்கரங்களைத் தள்ளுகிறது, சக்கரம் முள்ளைத் தள்ளுகிறது. வேலை இவ்வளவே.

1990களின் நடுவில் தேசாய் தன் பொறியாளர்களிடம் கேட்டது: உலகிலேயே மெல்லிய கடிகாரம் வேண்டும், தண்ணீரும் தாங்க வேண்டும், அன்றாடம் கட்டிக்கொள்ளக் கூடியதாகவும் இருக்க வேண்டும். இதில் ஒவ்வொரு நிபந்தனையும் மற்றதைத் தடுக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மெல்லிய கடிகாரம் மட்டும் என்றால் அதை சுவிட்சர்லாந்து முன்பே செய்திருந்தது. 1979இல் கான்கார்ட் நிறுவனத்தின் ‘டெலிரியம்’ 1.98 மில்லிமீட்டரில் வந்தது. அதே வரிசையில் பிற்பாடு வந்த ஒன்று ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போனது. பின்மூடியையே இயந்திரத்தின் அடித்தட்டாக வைத்துக்கொண்ட அபாரமான யோசனை அது. ஆனால் அது காட்சிக்கும் பெருமைக்குமான பொருள், விலையும் தங்க விலை. ஒசூர் கேட்டுக்கொண்டது வேறு கேள்வி: பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறவர் கையில், வியர்வையிலும் மழையிலும், மெல்லியதாக இருக்க முடியுமா? சுவிஸ் வல்லுநர்களே முடியாது என்று கையை விரித்தார்கள் என்பது டைட்டன் வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. அவர்கள் சொன்னதில் காரணமும் இருந்தது.

30 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்று பின்மூடியில் பொறிக்க வேண்டுமானால், 3 பார் அழுத்தத்தில் கடிகாரம் தேற வேண்டும். பின்மூடியின் விட்டம் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன்மேல் சுமார் 21 கிலோ எடை உட்கார்ந்தது போன்ற அழுத்தம். கண்ணாடிமேல் அதே அளவு. சாதாரண கடிகாரத்தில் பின்மூடி தடிமனாக இருக்கும், அசையாது. மெல்லிய தகட்டில் கதை மாறுகிறது. தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் வளைவு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். அப்படி உள்ளே வளைந்த மூடி மூவ்மென்டை அழுத்தினால் சக்கரங்கள் நிற்கும். மேலே கண்ணாடி வளைந்தால் நிமிட முள்ளைத் தொடும். தண்ணீர் உள்ளே போகாமலேயே கடிகாரம் நின்றுவிடும். போதாக்குறைக்கு, தண்ணீரைத் தடுக்கும் கேஸ்கெட் வளையமும் தனக்கென்று ஒரு தடிமனைக் கேட்கும்.

3.5இலிருந்து மூவ்மென்டுக்கான 1.15ஐக் கழித்தால் மீதி 2.35 மில்லிமீட்டர். பின்மூடி, அதற்கும் மூவ்மென்டுக்கும் நடுவே வளைய ஓர் இடைவெளி, டயல், மணி முள், நிமிட முள், அவை ஒன்றையொன்று உரசாமல் இருக்க இடம், மேலே கண்ணாடி என்று அந்த 2.35க்குள் எல்லாம் அடுக்கியாக வேண்டும். எட்ஜில் விநாடி முள் இல்லாததை அதன் எளிமைக்காகப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். அதில் இன்னொரு லாபம் உண்டு. விநாடி முள் இல்லையென்றால் ஓர் அடுக்கு குறைகிறது. மோட்டாரும் விநாடிக்கு ஒரு முறை துடிக்க வேண்டியதில்லை, பேட்டரி மிச்சமாகிறது. மெல்லிய பேட்டரியில் கொஞ்சம்தானே மின்சாரம் இருக்கும்? அழகு என்று நாம் பார்ப்பதும் பொறியாளருக்குச் சிக்கனம் என்று தெரிவதும் அங்கே ஒரே முடிவாக இருந்தன.

இந்தப் பொறியியல் அணியை நடத்தியவர் பி.ஜி. துவாரகநாத். வடிவம் கொடுத்தவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் படித்த மைக்கேல் ஃபோலி. வரைபவருக்கும் செய்பவருக்கும் நடுவே வழக்கமாக நடக்கும் இழுபறி ஒன்று உண்டு. வரைபவர் மெல்லியதாக ஒன்றைக் கொடுப்பார், செய்பவர் ‘இங்கே கொஞ்சம் இடம் கொடுங்கள்’ என்பார், அந்தக் கொஞ்சம் சேர்ந்து சேர்ந்து கடைசியில் பெட்டி போன்ற ஒன்று வெளியே வரும். எட்ஜ் விஷயத்தில் தடிமன் முதலிலேயே முடிவாகிவிட்டது; அதில் பேரம் கிடையாது. மற்ற எல்லாம் அந்த எண்ணுக்குப் பணிந்தன. மூவ்மென்டைப் புதிதாகவே உருவாக்கினார்கள். மெல்லிய பாகங்களைச் செய்யும் கருவிகளையும் அச்சுகளையும்கூட உருவாக்க வேண்டியிருந்தது. பல ஆண்டு உழைப்பு அது. விற்பனைக்கு வந்த 2002இல்தான் தேசாய் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி பாஸ்கர் பட்டிடம் ஒப்படைத்தார்.

கடைக்கு வந்த பிறகு எட்ஜின் வாழ்க்கை அமைதியானது. சட்டையின் கைப்பட்டிக்குள் தடுக்காமல் போனது. பட்டன் போட்ட முழுக்கை அணியும் அலுவலகக்காரர்கள் அதை விரும்பினார்கள். டைட்டன் அதற்குப் பிறகு எட்ஜைப் பல வடிவங்களில் வளர்த்தது. பெயர் இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஃபோலி பின்னர் பெங்களூரிலேயே சொந்த வடிவமைப்பகம் தொடங்கினார். 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டுக்கு முன் நாடு நாடாகப் பயணம் செய்த ராணியின் கோலை வடிவமைத்ததும் அவர்தான். கேமராவும் ஜி.பி.எஸ்ஸும் பொதிந்த அலுமினியக் கோல் அது. அழகான ஒரு பொருளின் வயிற்றுக்குள் மின்னணுவியலை ஒளித்து வைக்கும் கேள்வி, பெங்களூரை அப்போதே அடுத்த கட்டத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

2016 ஜனவரியில் இரண்டு செய்திகள் அருகருகே வந்தன. எச்.எம்.டி. வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதே மாதம், எச்.பி. நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ‘ஜக்ஸ்ட்’ என்ற தன் முதல் ஸ்மார்ட்வாட்சை டைட்டன் அறிமுகம் செய்தது. விலை 16,000 ரூபாயை ஒட்டித் தொடங்கியது. உண்மையான முள்கள், உண்மையான டயல், அந்த டயலுக்குள் ஒரு சிறு ஓஎல்இடி திரை. தூரத்திலிருந்து பார்த்தால் கடிகாரம், கிட்டே வந்தால் குறுஞ்செய்தி காட்டும் கருவி. அழகைக் கைவிட மனமில்லாத ஒரு கடிகார நிறுவனம் எப்படிச் சிந்திக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 2020இல் வந்த ‘கனெக்டட் எக்ஸ்’ இன்னும் துணிந்தது: முழுத் தொடுதிரை, அதன்மேல் சுழலும் நிஜ முள்கள். அதே ஆண்டு ஹைதராபாதின் ஹக் இன்னோவேஷன்ஸ் நிறுவனத்தை டைட்டன் வாங்கியது. ஸ்மார்ட்வாட்ச் நுட்பத்தை வெளியே கேட்டு வாங்காமல் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் முடிவு. முள்ளும் திரையும் சேர்ந்த இந்தக் கலப்பினத்தை எனக்குப் பிடிக்கும். ஆனால் முள் எங்கே நின்றாலும் திரையின் ஒரு பகுதியை மறைக்கத்தான் செய்யும், முள்ளுக்கான அடுக்கு கடிகாரத்தின் தடிமனோடு சேரத்தான் செய்யும். திரை அணைந்த பிறகும் நேரம் தெரியும் என்பது அதற்கு ஈடு.

இவை ஏன் எட்ஜ் போல மெல்லியதாக இல்லை? எட்ஜைச் செய்த நிறுவனமேதானே என்று கேட்கலாம். விடை மின்சாரக் கணக்கில் இருக்கிறது. குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்று ஓட சுமார் ஒரு மைக்ரோ ஆம்பியர் போதும். 20 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும் ஒரு பட்டன் செல், அந்தக் கணக்கில் இரண்டு ஆண்டுக்கு மேல் வரும். ஸ்மார்ட்வாட்சில் 300 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருந்து, அது ஒன்றரை நாளில் தீர்கிறது என்று வைத்துக்கொண்டால், சராசரியாக எட்டு மில்லி ஆம்பியருக்கு மேல் குடிக்கிறது. எட்டாயிரம் மடங்கு. திரை, ப்ளூடூத், சிப், நாடித் துடிப்பு பார்க்கும் விளக்குகள் என்று பசித்த வாய்கள் அத்தனை. 2015இல் வந்த முதல் ஆப்பிள் வாட்சின் தடிமன் 10.5 மில்லிமீட்டர், எட்ஜைப் போல் மூன்று மடங்கு. உலகத்தின் பணமெல்லாம் கையில் இருந்த நிறுவனத்தாலும் அன்று அதற்குக் கீழே போக முடியவில்லை. லித்தியம் பேட்டரி வயதாக ஆகக் கொஞ்சம் உப்பும். எட்ஜில் பின்மூடி வளைய இடம் விட்டதுபோல் இங்கே பேட்டரி உப்ப இடம் விட வேண்டும்.

பின்மூடியே இப்போது வேலை செய்யும் பாகமாகிவிட்டது. ஸ்மார்ட்வாட்சைக் கழற்றித் திருப்பினால் பச்சை ஒளி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கு அடியில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அதை எண்ணித்தான் நாடி சொல்கிறது. இதற்குக் கண்ணாடி தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே பின்பக்கம் ஒரு சிறு மேடாகப் புடைக்கிறது, தடிமன் இன்னும் கூடுகிறது. நம் ஊரில் உலோகப் பட்டைக் கடிகாரத்தைப் பலர் வளையல் போலத் தளர்வாகவே அணிகிறார்கள். வெயிலில் இறுக்கிக் கட்டினால் எரிச்சல். தளர்ந்த கடிகாரத்துக்குள் வெளிச்சம் புகுந்து கணக்கைக் கெடுக்கும். அணிபவரின் பழக்கத்தை மாற்றுவதா, பட்டையை மாற்றுவதா என்று வடிவமைப்பாளர் தீர்மானித்தாக வேண்டும். நான் பட்டையின் பக்கம்தான். நூற்றாண்டுப் பழக்கத்தை விளக்கக் கையேடு மாற்றிவிடாது.

உலோகத்துக்கும் இதே கதி. எஃகுக் கூட்டின் கனமும் பளபளப்பும்தான் நல்ல கடிகாரம் என்ற உணர்வைத் தருபவை. ஆனால் ரேடியோ அலை உலோகத்தைத் துளைக்காது, மணிக்கட்டின் சதையிலும் நீரிலும் ப்ளூடூத் அலை கரைகிறது. ஆன்டெனா எங்காவது ஒரு ஜன்னல் கேட்கும். சிலர் பின்மூடியை பிளாஸ்டிக்கிலும் பீங்கானிலும் செய்கிறார்கள், சிலர் கூட்டின் விளிம்பையே ஆன்டெனாவாக்குகிறார்கள். ஓஎல்இடி திரையில் கறுப்பு நிறத்துக்கு மின்சாரமே செலவாகாது. ஸ்மார்ட்வாட்ச் முகப்புகள் பெரும்பாலும் கறுப்பாக இருப்பதற்கு நாகரிகம் பாதிக் காரணம், பேட்டரி மீதிக் காரணம். ஒசூர் சாலையில் நண்பகலில் இருசக்கர வண்டியில் போகிறவருக்கு அந்தத் திரை தெரிய வேண்டுமானால் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், அப்போது மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். வெள்ளை டயலும் கறுப்பு முள்ளும் வெயில் கூடக் கூடத் தெளிவாகத் தெரியும் என்பதை இந்த இடத்தில் மறக்க முடியவில்லை.

திரை பற்றிப் பேசும்போது தமிழ் வாசகருக்கு மட்டும் உள்ள ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அம்மா அனுப்பிய தமிழ்ச் செய்தி கைபேசியில் அழகாக வரும், அதே செய்தி மலிவான ஸ்மார்ட்வாட்சில் வரிசையாகக் கட்டம் கட்டமாக வரும். எழுத்துரு இல்லை என்பது ஒரு காரணம். இருந்தாலும் போதாது. ‘கெ’ என்ற எழுத்தில் கணினி முதலில் வைத்திருப்பது க. பிறகுதான் எகரக் குறி. திரையில் வரையும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் மென்பொருள் சின்னச் சிப்பில், சின்ன நினைவகத்தில் இடம் கேட்கும். இதயத் துடிப்பையும் தூக்கத்தின் ஆழத்தையும் அளப்பதாகச் சொல்லும் ஒரு கருவி, தமிழ்நாட்டில் விற்கப்படும்போது ‘சாப்பிட்டியா கண்ணு’ என்பதைக் காட்ட முடியாமல் நிற்பதை நான் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. செயல்திறன் என்ற பட்டியலில் இதுதான் முதல் வரியில் இருக்க வேண்டும்.

இரண்டாயிரம் ரூபாய்க்கும் கீழே ஸ்மார்ட்வாட்ச்கள் வந்து குவிந்த பிறகு, பெரும்பாலான கடைகளில் அழகு என்பது திரையின் அளவு, செயல்திறன் என்பது விளையாட்டு முறைகளின் எண்ணிக்கை என்று ஆகிவிட்டது. நூறு விளையாட்டு முறைகள் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். வாங்கியவர் நடை ஒன்றைத்தான் பயன்படுத்துவார். டைட்டனும் அந்தச் சந்தையில் இறங்கி விற்கத்தான் வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில், ஏரிக்கரையோரம் கட்டடக் கலைஞர் சஞ்சய் மோகே கட்டிய அதன் வளாகத்தில் இன்று எட்ஜும் ஸ்மார்ட்வாட்சும் ஒரே கூரைக்குள் சிந்திக்கப்படுகின்றன. அங்கிருந்து ஒருநாள், விளையாட்டு முறைகளை வெட்டி எறிந்து, நான்கைந்து வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, தடிமனை முதலில் எழுதிவிட்டு மற்றதையெல்லாம் அதற்குப் பணிய வைக்கும் ஸ்மார்ட்வாட்ச் ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை. விநாடி முள்ளை விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர்களிடம்தானே அதைக் கேட்க முடியும்?

எட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. பேட்டரி தீர்ந்தால் தெருமுனைக் கடையில் கத்தி வைத்து நெம்பித் திறக்கக் கொடுக்காதீர்கள். பின்மூடி மெல்லியது, வளைந்துவிட்டால் நிமிராது. கேஸ்கெட்டைப் பார்த்து மாற்றி, மூடிய பிறகு அழுத்தச் சோதனை செய்யும் இடமாகக் கொடுங்கள். புது செல் போட்டால் பழைய எட்ஜ் மறுபடி ஓடும். ஸ்மார்ட்வாட்ச் வாங்கும்போது விற்பவரிடம் கேளுங்கள்: இதன் பேட்டரியை மாற்ற முடியுமா, எங்கே, எத்தனை ஆண்டு வரைக்கும் மென்பொருள் வரும்?